தெறிக்கும் துளியும் விற்கும் பொருளும்

ஒரு பொருளைச் சுற்றித் திரவம் தெறித்தெழும் கணத்தைப் படமாக்கி, அந்தப் படத்தைக் காட்டியே அப்பொருளை விற்கும் வழக்கம் இன்று கடைத்தெருவெங்கும் பரவியிருக்கிறது. அத்தகைய படம் காட்டுவது நிகழ்ந்த ஒன்றையா, நிகழ்ந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று ஒருவர் எண்ணிய ஒன்றையா என்னும் கேள்வி, விளம்பரக்காரர் எவரும் அதைத் தொடுவதற்கு வெகுகாலம் முன்பே, ஓர் இயற்பியல் ஆசிரியரின் இருட்டறையில் பிறந்தது. அன்று முதல் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாக விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் படப்பிடிப்பாளர்களும் நீதிபதிகளும் இதற்கு விடை கூறி வந்திருக்கின்றனர். ஒவ்வொருவர் விடையும் அவரவர் தொழிலுக்குப் பொருந்துகிறது. வேறொரு தொழிலுக்கு எடுத்துச் சென்றால் தளர்ந்துவிடுகிறது.

இவ்விடைகளை எடைபோடுவதற்கு மத்திகிரியையும் அதைச் சூழ்ந்த பிரதேசத்தையும் களமாகக் கொள்வதில் ஒரு சௌகரியம் உண்டு. படைக்குதிரைகளை வளர்ப்பதற்காக 1824-இல் ஏற்பட்டு, பிற்காலத்தில் அரசாங்கக் கால்நடைப் பண்ணையாக மாறிய பெருநிலம் மத்திகிரியில் இருக்கிறது. அண்டையிலுள்ள ஓசூரில் கைக்கடிகாரங்களும் இருசக்கர வண்டிகளும் உற்பத்தியாகின்றன. கிருஷ்ணகிரிப் பக்கம் சென்றால் மாம்பழப் பருவத்தில் கூழ் ஆலைகள் இரவு பகலாக ஓடுவதைக் காணலாம். பால், பழக்கூழ், கடிகாரம், வண்டி ஆகிய நான்கும் திரவம் தெறிக்கும் படங்களால் விளம்பரம் பெறுபவை. ஆயினும் அந்தத் தெறிப்பு ஒவ்வொன்றிலும் வெவ்வேறு செய்தியைச் சொல்கிறது. இந்த வேற்றுமையைக் கவனியாமல் அனைத்துக்கும் பொதுவானதொரு விடையைத் தேடியதே இந்த விவாதத்தின் நெடுநாட் குறை என்று தோன்றுகிறது.

கண் திருத்திய துளி

ஆர்தர் மேசன் வொர்திங்டன் என்னும் ஆங்கிலேயர் 1870களின் நடுவில் துளிகள் விழுந்து தெறிப்பதை ஆராயத் தொடங்கினார். இருண்ட அறையில் பாதரசத் துளியையோ பால் துளியையோ விழச் செய்து, அது பரப்பைத் தொட்டபின் குறித்ததோர் இடைவெளியில் மின்பொறியை ஒளிரவிட்டு, அப்பொறி அணைந்த பின்னும் கண்ணில் தங்கி நிற்கும் உருவத்தை உடனே காகிதத்தில் வரைந்துகொள்வது அவர் கையாண்ட முறை. இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டிக்கொண்டே போனால், வெவ்வேறு துளிகளின் வெவ்வேறு கணங்கள் ஒரே துளியின் சரித்திரம் போலக் கோவையாகிவிடும். அவ்விதம் அவர் அச்சிட்ட சித்திரங்களில், தெறித்தெழும் திரவ விளிம்பின் மகுடங்கள் யாவும் பிசகற்ற சமச்சீருடன் விளங்கின.

1894-இல் அதே பொறியொளியைக் கொண்டு படத்தகட்டிலேயே பதிவு செய்ய முடிந்தபோது, மகுடங்கள் கோணலாகவும் ஒருபுறம் ஒடிந்தும் வெளிப்பட்டன. பழைய குறிப்புகளை அவர் திரும்பப் பார்த்தபோது இன்னொரு விஷயமும் புலனாயிற்று. கோணல் தெறிப்புகளை அவர் அன்றே கண்டிருக்கிறார், வரைந்தும் இருக்கிறார். அவற்றைத் தற்செயலான பிழைகள் என்று ஒதுக்கிவிட்டு, ஒழுங்கானவற்றை மட்டுமே உண்மைத் துளியின் லட்சணமாகக் கொண்டிருக்கிறார். இதை அவர் ஒளிக்காமல் எழுதிவைத்தார். 1908-இல் அவர் வெளியிட்ட விரிவான நூல் இன்றும் இத்துறையின் மூலநூலாக மதிக்கப்படுகிறது.

விஞ்ஞான வரலாற்றாசிரியர்களான லொரெய்ன் டாஸ்டனும் பீட்டர் காலிசனும் 2007-இல் வெளியிட்ட நூலின் தொடக்கத்திலேயே இந்த நிகழ்ச்சியை வைத்துப் பேசுகின்றனர். இயற்கையின் சாரத்தைத் தேர்ந்தெடுத்துக் காட்டுவதே உண்மை என்று கருதிய ஒரு காலம், எதையும் தேர்ந்தெடுக்காமல் கருவி பதிவு செய்ததை அப்படியே வைப்பதே உண்மை என்று கருதிய இன்னொரு காலத்துக்கு இடம் விட்டது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். நம் தருக்க நூலார் மொழியில் கூறுவதானால், பிரத்தியட்சம் என்று நம்பப்பட்ட சித்திரங்களுக்குள் அனுமானம் முன்னரே புகுந்திருந்தது. கருவியின் பதிவே உண்மை என்னும் கொள்கையிலும் ஒரு தளர்ச்சி உண்டு. எடுத்த பல படங்களில் எதை அச்சுக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பவர் மனிதரே ஆதலால், பென்சிலைக் கைவிட்ட மாத்திரத்தில் தேர்வு ஒழிந்துவிடாது.

இந்த ஆராய்ச்சியில் நம் நாட்டுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. 1920-இல் சி. வி. ராமனும் அசுதோஷ் டேயும் இணைந்து, தெறிப்பு எழுப்பும் ஒலியைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். கண்ணை ஏமாற்றும் விஷயத்தில் காதைச் சாட்சிக்கு அழைத்தது ராமனின் சுபாவத்துக்கு ஒத்ததே.

பொறியாளரின் மகுடம்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹெரால்டு எட்கர்ட்டன் 1930களின் தொடக்கத்தில் விட்டுவிட்டு ஒளிரும் மின்விளக்கைச் செம்மைப்படுத்தி, மிகக் குறுகிய கால அளவையும் படத்தில் அகப்படுத்தத் தொடங்கினார். 1936-இல் அவர் எடுத்த பால்துளி மகுடம் அடுத்த ஆண்டே நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. 1957-இல் சிவப்புப் பரப்பின் மீது வெண்மகுடம் எழும் வண்ணப்படம் உலகப் புகழ் பெற்றது. தம்மைக் கலைஞர் என்று அழைப்பதை அவர் விரும்பவில்லை. தாம் மெய்ம்மைகளை நாடும் பொறியாளர் என்பதே அவர் நிலை. ஆனால் மெய்ம்மையை மட்டும் நாடியவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு குறையற்ற மகுடத்தை ஏன் துரத்தினார் என்று கேட்கத் தோன்றுகிறது. வொர்திங்டன் கைவிட்ட லட்சிய உருவம் எட்கர்ட்டன் கையில், இம்முறை படத்தகட்டின் சாட்சியத்தோடு, திரும்பி வந்துவிட்டது.

இதற்கு நடுவே 1948-இல் பிலிப் ஹால்ஸ்மன், ஓவியர் சால்வடோர் டாலியைக் குதிக்கச் செய்து, பூனைகளையும் ஒரு வாளித் தண்ணீரையும் வீசச் செய்து எடுத்த படம் வேறொரு பாதையைத் திறந்தது. தண்ணீருக்குப் பதிலாகப் பாலை வீசுவதே முதல் யோசனை என்றும், யுத்தகாலப் பற்றாக்குறையை மறவாத மக்கள் பாலை வீணாக்கியதாகக் கண்டிப்பார்கள் என்று அஞ்சி அது கைவிடப்பட்டது என்றும் கூறுவர். நடிகர்களின் பதாகைகளுக்குப் பாலாபிஷேகம் செய்வதும் அதைப் பால் முகவர்கள் கண்டிப்பதும் வழக்கமாகிவிட்ட தமிழ்நாட்டில், இந்த அச்சத்தின் நியாயத்தை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

ஸ்டுடியோவின் உபாயங்கள்

விற்பனைப் பொருளைப் படமெடுப்பவர்களின் நிலைப்பாடு ஏட்டில் வகுக்கப்பட்டதன்று. வேலை முறையிலிருந்து நாம்தான் அதை உய்த்துணர வேண்டும். ஆகையால் அந்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம்.

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி கீழே வரும்போது வினாடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர் வேகம் பெற்றிருக்கும். கேமராவின் ஷட்டரை மட்டும் நம்பி வினாடியின் 250-இல் ஒரு பங்கு நேரத்தில் படமெடுத்தால், அதற்குள் துளி ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் ஓர் இழுப்புக் கோடுதான் மிஞ்சும். ஒளியை 10,000-இல் ஒரு பங்கு வினாடிக்குச் சுருக்கினால் நகர்வு அரை மில்லிமீட்டருக்கும் குறைந்து, துளி கண்ணாடி மணியைப் போல நின்றுவிடும். எனவே அறையை இருட்டாக்கி, ஷட்டரைத் திறந்துவைத்து, பிளாஷ் விளக்கின் கால அளவால் காலத்தை நறுக்குகிறார்கள். வொர்திங்டனின் முறையும் இதுவே, விளக்குதான் மாறியிருக்கிறது. கேமராவின் தலையில் பொருத்தும் சிறிய பிளாஷில் சக்தியைக் குறைக்கக் குறைக்க ஒளி குறுகும். மின்னழுத்தத்தால் ஆளப்படும் பழைய ரகப் பெரிய ஸ்டுடியோ விளக்குகளிலோ சக்தியைக் குறைத்தால் ஒளி நீளும். இந்த முரணை அறியாத புதியவர் விலையுயர்ந்த பெரிய விளக்கை வைத்துக்கொண்டு மங்கலான படங்களை எடுத்துத் தவிப்பதுண்டு.

குவளையிலிருந்து பானம் ஒருபுறமாகத் துள்ளி எழுவதைக் காட்ட வேண்டுமானால், குவளையை ஒரு பலகையில் பசைபோட்டு ஒட்டி, பலகையைச் சாய்த்து, கேமராவையும் அதே கோணத்தில் சாய்த்துவிடுவார்கள். படத்தில் குவளை நேராக நிற்கும். பானம் மட்டும் புவியீர்ப்பை மதியாது சாய்ந்தெழுவதாகத் தோன்றும். பனிக்கட்டி அக்ரிலிக்கினால் ஆனது, ஏனெனில் மெய்யான பனிக்கட்டி விளக்குச் சூட்டில் உருகுவதோடு மிதந்து திரும்பியும் விடும். புட்டியின்மேல் குளிர்ந்த வியர்வைபோல் நிற்கும் துளிகள் கிளிசரினும் தண்ணீரும் கலந்து தெளிக்கப்பட்டவை. மணிக்கணக்கில் அவை வழியாமல் நிற்கும். பாலுக்குப் பதிலாக வெள்ளை வர்ணத்தை நீர்த்துப் பயன்படுத்துவோரும் உளர். இவ்வளவுக்குப் பிறகும் ஒரே வீச்சில் எல்லாத் துளிகளும் விரும்பிய இடத்தில் நிற்பது அரிதாகையால், ஒரு படத்தின் இடப்பக்க அலையையும் வேறொரு படத்தின் உச்சித் துளிகளையும் எடுத்துக் கணிப்பொறியில் ஒட்டிச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது.

இந்த வேலை முறையிலிருந்து நாம் உய்த்துணரும் கொள்கை இதுதான்: தனித்தனித் துளிகள் மெய்யானவை, அவற்றின் சேர்க்கை கற்பனை, பொருளின் இயல்பைக் கெடுக்காதவரை சேர்க்கைக்கு யாரும் ஆட்சேபம் சொல்லக் கூடாது. விளம்பரத்தில் வந்த நீரெல்லாம் புனைந்த நீர் அன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1970களின் நடுவில் லிரில் சோப்புக்காகப் பெண்ணொருத்தி அருவியில் ஆடி நீராடும் காட்சி கொடைக்கானல் மலையில் படமாக்கப்பட்டது. அங்குள்ள பாம்பார் அருவிக்கு லிரில் அருவி என்றே பெயர் வழங்குகிறது. நீர் மெய், மலை மெய். அந்த சோப்புக்கும் மலைக்கும் உள்ள சம்பந்தம் மட்டும் கவி சமயம்.

உயர்வு நவிற்சி என்னும் வாதம்

விளம்பரக்காரர்களின் சார்பில் கூறப்படும் மிக வலுவான வாதம் இலக்கியத்திலிருந்து வருவது. மிகைப்படுத்திக் கூறுவது பொய்யாகாது. கேட்பவன் அதை மிகையென்று அறிந்தே ரசிக்கிறான். கடிகார விளம்பரங்களில் முட்கள் எப்போதும் பத்து மணி பத்து நிமிடத்தின் அருகிலேயே நிற்கின்றன. அதைக் கண்டு கடிகாரம் ஓடவில்லை என்று எவரும் புகார் செய்ததில்லை.

இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும் நம் அணியிலக்கண மரபே இதற்கு ஓர் எல்லையையும் வகுத்திருக்கிறது. தண்டியலங்காரம், உயர்வு நவிற்சி என்றும் வழங்கும் அதிசய அணிக்கு இலக்கணம் கூறுமிடத்தில், உலக வரம்பைக் கடவாமலும் ஆன்றோர் வியக்கும்படியும் அது அமையவேண்டும் என்கிறது. மிகையை மிகையென்று அறியும் பயிற்சி உடையவர்களே கவிதையின் அவையில் இருக்கிறார்கள் என்பது அங்கே முன்முடிவு. விளம்பரத்தின் அவையிலோ சிறுவரும் முதியவரும், கேமராவின் சாட்சியத்தை ஐயுறப் பழகாதவரும் இருக்கிறார்கள். மேலும் கவிஞனின் உவமை தன்னை உவமை என்றே அறிவித்துக்கொள்கிறது. நிழற்படமோ மிகையைச் சொல்லும்போதும் சாட்சிக் கூண்டில் நிற்பவரின் தோரணையிலேயே சொல்கிறது. இந்த வாதம் தளர்வது இவ்விடத்தில்தான்.

நீதிமன்றம் வகுத்த எல்லை

சட்டம் இதில் மெதுவாகவே நுழைந்தது. சவரக் களிம்பொன்று மணற்காகிதத்தையும் இளக்கிவிடும் என்று காட்டிய தொலைக்காட்சி விளம்பரத்தில், மணற்காகிதத்துக்குப் பதிலாக மணல் தூவிய பிளாஸ்டிக் தகடு வைக்கப்பட்டிருந்தது. கோல்கேட்-பாமாலிவ் நிறுவனம் சம்பந்தப்பட்ட அந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1965-இல் கூறிய தீர்ப்பு இன்றளவும் வழிகாட்டியாக இருக்கிறது. ஐஸ்கிரீம் விளக்குச் சூட்டில் உருகுவதால் அதனிடத்தில் மசித்த உருளைக்கிழங்கை வைத்துப் படமெடுப்பது தன்னளவில் குற்றமன்று. ஆனால் பொருளின் குணத்துக்கு நிரூபணம் என்று சொல்லிக் காட்டும் காட்சியில் மாற்றுப்பொருளை மறைத்து வைப்பது ஏமாற்று. சில ஆண்டுகளில் வேறொரு வழக்கு வந்தது: சூப்புக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டுக் காய்கறித் துண்டுகளை மேலே எழும்பச் செய்த கேம்பல் நிறுவனத்தின் விளம்பரம். அங்கே நிரூபணம் என்ற சொல்லே இல்லை. ஆயினும் கிண்ணத்தில் இருப்பதைவிட அதிகம் இருப்பதாகக் காட்டியமையால் அது ஆட்சேபத்துக்கு உள்ளாயிற்று.

இந்தியாவில் விளம்பரத் தரக் குழு 1985-இல் தொழில்துறையினரின் சுயக்கட்டுப்பாட்டு அமைப்பாகத் தோன்றியது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஏற்பட்ட மத்திய ஆணையம், தவறான விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை 2022 ஜூனில் வெளியிட்டது. பெரிய எழுத்தில் சொன்ன பொய்யைச் சிறிய எழுத்துக் குறிப்பால் திருத்த முடியாது என்பதும், குறிப்பு விளம்பரம் பேசும் மொழியிலேயே இருக்கவேண்டும் என்பதும் அவற்றுள் அடக்கம். திரையின் அடியில் ஒரு கணம் மின்னி மறையும், 'இது கற்பனைக் காட்சி' என்னும் வாசகத்தின் வலிமை இதனால் பெரிதும் குறைகிறது. ஆனால் இந்நெறிகள் வாசகங்களை அளக்கும் அளவுக்குப் படங்களை அளக்கவில்லை. அலை எவ்வளவு உயரம் எழும்பலாம் என்று எந்தச் சட்டமும் கூற முடியாது.

கடிகாரமும் மாம்பழமும்

ஓசூர்ப் பிரதேசத்தின் உற்பத்திப் பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் மேலே கண்ட கொள்கைகளின் பலமும் பலவீனமும் தெளிவாகின்றன.

கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் ஓசூரில் ஆலை அமைத்தது. 1.15 மில்லிமீட்டரே தடிமன் கொண்ட இயக்கத்தை அங்கே உருவாக்கி, நீர் புகாதபடி 3.5 மில்லிமீட்டர் கூட்டுக்குள் அடக்கியது இந்நாட்டுப் பொறியியலின் குறிப்பிடத்தக்க சாதனைகளுள் ஒன்று. கடிகாரத்தின் முதுகில் 30 மீட்டர் என்று பொறித்திருந்தால், அதை அணிந்து அவ்வளவு ஆழம் மூழ்கலாம் என்று பலர் எண்ணுகின்றனர். அந்த எண் சோதனைச் சாலையில் கடிகாரம் தாங்கிய அழுத்தத்தைக் குறிப்பது. நடைமுறையில் கை கழுவும்போது தெறிக்கும் நீருக்கும் மழைக்கும் அது போதும், நீச்சலுக்குப் போதாது என்பதே வழக்கமான அறிவுரை. ஆகவே அத்தகைய கடிகாரத்தின்மேல் சில துளிகள் தெறிப்பதாகக் காட்டும் படம், அது கணிப்பொறியில் ஒட்டிச் சேர்த்ததாகவே இருந்தாலும், உண்மையைக் கூறுகிறது. அதே கடிகாரத்தை நீருக்கடியில் குமிழிகளுக்கு நடுவே அமிழ்த்திக் காட்டும் படம், ஒரே சொடுக்கில் யாதொரு திருத்தமுமின்றி எடுக்கப்பட்டதாக இருந்தாலும், பொய்யைச் சொல்லக்கூடும். படம் எடுக்கப்பட்ட முறையின் நேர்மைக்கும் படம் சொல்லும் செய்தியின் நேர்மைக்கும் இங்கே சம்பந்தம் அற்றுப்போகிறது.

இது வெறும் தர்க்க விநோதமன்று. கைபேசிகளை நீச்சற்குளத்திலும் கடல்நீரிலும் காட்டிய விளம்பரங்களுக்காகச் சாம்சங் நிறுவனத்துக்கு ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2022-இல் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. கைபேசியின் நீர்த்தாங்கும் திறன் குறித்த விளம்பரங்கள் தொடர்பாக இத்தாலியில் ஆப்பிள் நிறுவனத்துக்கு 2020-இல் ஒரு கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. தெறிப்பு ஒட்டுவேலையா என்று அவ்விடங்களில் யாரும் விசாரிக்கவில்லை. படத்தை நம்பி நனைத்த பொருளுக்கு என்ன ஆகும் என்பதே விசாரணை. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தயாராகும் மின்சார வண்டிகள் தேங்கிய நீரைக் கிழித்துச் செல்லும் படங்களும் இதே வகையைச் சேர்ந்தவை.

மாம்பழப் பானத்தின் கதை வேறு. கிருஷ்ணகிரி ஆலைகளில் கூழாவது பெரும்பாலும் பெங்களூரா என்னும் கிளிமூக்கு மாங்காய்; நீண்டு, நுனி வளைந்து, பச்சையும் மஞ்சளும் கலந்த தோலுடையது. விளம்பரத்தில் அலைக்கு நடுவே மிதக்கும் பழமோ பெரும்பாலும் உருண்டு திரண்ட செம்மஞ்சட்கனி. உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி இத்தகைய பழப் பானத்தில் பழச்சத்து குறைந்தது 10 சதவீதம் இருந்தாற் போதும்; எஞ்சியதில் பெரும்பகுதி நீரும் சர்க்கரையும். பத்தில் ஒரு பங்கு கூழ் கலந்த நீர் எப்படித் தெறிக்கும் என்பதை எவரும் வீட்டில் சோதித்துப் பார்க்கலாம்: மெல்லிய படலமாக எழுந்து சிறு துளிகளாகச் சிதறிவிடும். படத்தில் எழுவது அதுவன்று. கனத்த விளிம்போடு கயிறுபோல் முறுக்கி எழும் அலை, தூய கூழின் அலை. இங்கே தெறிப்பின் தடிமனே ஒரு கூற்றாகிவிடுகிறது. கோலிகள் போட்ட சூப்புக் கிண்ணத்தின் நேர்வாரிசு இது என்று கொள்வது மிகையாகாது. அதே சமயம், பானத்தின் சுவையை உருவகப்படுத்துவதாக அந்த அலையை ஏற்றுக்கொள்ளும் வாசகரும் இருக்கக்கூடும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

பால் இவ்விரண்டிலும் சேராதது. பாலட்டையில் எழும் மகுடம் பாலின் தன்மையைப் பற்றி ஏதும் கூறுவதில்லை. கொழுப்பு நீக்கிய பாலும் நீக்காத பாலும் ஏறக்குறைய ஒரே விதமாகவே மகுடம் சூடுகின்றன. அது வெறும் அலங்காரம். வெள்ளை வர்ணத்தைக் கொண்டு எடுத்திருந்தாலும் பெரிய பாதகம் இல்லை என்பது நம் அபிப்பிராயம்.

இன்னும் தீராதவை

கணிப்பொறியில் திரவத்தை உருவாக்கும் முறை இந்தக் கேள்வியைத் தலைகீழாக்கியிருக்கிறது. 1998-இல் மத்ரீத் நகரில் தோன்றிய ஒரு நிறுவனத்தின் ரியல்ஃபுளோ போன்ற மென்பொருள்கள் பாய்ம இயக்கத்தின் சமன்பாடுகளைக் கொண்டே அலையைக் கணிக்கின்றன. ஒட்டுப்படத்தில் துளிகள் மெய், நிகழ்ச்சி பொய். கணித்த படத்தில் ஒரு துளியும் மெய்யன்று, ஆனால் இயற்பியல் விதி பெரிதும் மெய். உண்மையான கூழின் பிசுபிசுப்பை எண்ணாக உள்ளிட்டால், ஸ்டுடியோவின் வர்ணக் கலவையைவிட நேர்மையான அலை கிடைக்கவும் கூடும். அண்மையில் வந்துள்ள செயற்கை நுண்ணறிவுப் படங்களோ சமன்பாட்டையும் விட்டுவிட்டு, முன்பிருந்த தெறிப்புப் படங்களின் சாயலை மட்டும் கற்றுத் தருகின்றன. அந்தப் பழைய படங்களில் பெரும்பான்மை ஏற்கனவே திருத்தப்பட்டவையாதலால், வொர்திங்டன் ஒதுக்கிய கோணல் மகுடம் அவற்றில் இடம்பெறுவது அரிதாகவே இருக்கும்.

இயற்பியலிலும் கணக்கு முடியவில்லை. உலர்ந்த வழுவழுப்பான பரப்பில் விழும் துளி, சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைக் குறைத்தால் தெறிக்காமலே பரவிவிடுகிறது என்று சிகாகோவில் 2005-இல் கண்டறிந்தனர். தெறிப்பு திரவத்தின் விஷயம் மட்டுமே என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது ஆச்சரியமாயிற்று. மகுடத்தின் முனைகள் எதனால் பிரிகின்றன, எத்தனை பிரியும் என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து உண்டாகவில்லை. இயல்பான தெறிப்பு இன்னதென்று வரையறுத்து, அதற்கு மாறானதைப் பொய்யென்று தள்ளுவதற்கு வேண்டிய அடிப்படையை விஞ்ஞானம் இன்றைக்குத் தருவதாக இல்லை.

அலங்காரம் எது, கூற்று எது என்று பொருளுக்குப் பொருள் பிரித்துப் பார்க்கும் முறையே தற்போதைக்கு உபயோகமானது என்று தோன்றுகிறது. ஆனால் அதற்கும் ஓர் இடையூறு உண்டு. சிறு உற்பத்தியாளர்கள் தங்கள் சரக்கைப் படமெடுப்பதே இல்லை. படக் களஞ்சியத்தில் விலைக்குக் கிடைக்கும் ஆயத்தத் தெறிப்பு ஒன்றை வாங்கி அட்டையில் அச்சிடுகின்றனர். ஒரே அலை, நிறம் மாற்றப்பட்டு, பழச்சாற்றிலும் சுவர் வர்ணத்திலும் எஞ்சின் எண்ணெயிலும் தோன்றுகிறது. அந்த அலையை எடுத்தவர் எந்தத் திரவத்தை வைத்து எடுத்தார் என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. சட்டத்தின் கண்ணில் பொறுப்பு விற்பவருடையதே. எனினும் தமது பொருளைப் பற்றிய கூற்றென்று தெரியாமலே ஒருவர் வெளியிட்ட கூற்றுக்கு எந்த அளவுகோலைக் கொண்டு அவரை விசாரிப்பது என்பதற்கு, மேலே கண்ட நிலைப்பாடுகள் எவற்றிலும் விடை இல்லை.